நூற்பாலைக்கு எந்த வாக்கி டாக்கி?

கேள்வி: பல்லடம் பக்கம் 28 ஆயிரம் கதிர்கள் ஓடும் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் மேனேஜராக இருக்கிறேன். மொத்தம் 15 ஏக்கர் காம்பவுண்ட். டிபார்ட்மென்டுக்குள் செல்போன் கூடாது என்று நிறுத்திவிட்டோம். அதனால் ஒரு ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) நின்றால் ஃபிட்டரைத் தேடி ஆள் ஓட வேண்டியிருக்கிறது. வாக்கி டாக்கி வாங்கிவிடுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆன்லைனில் 5 வாட், 10 கிலோமீட்டர் என்று போட்டு ஜோடி 3,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கோவையில் ஒரு டீலர் ஒரு செட்டுக்கே அதைவிட அதிகமாகச் சொல்கிறார். லைசென்ஸ் வேண்டும் என்கிறார் ஒருவர், வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எங்களுக்கு 24 செட் தேவைப்படும். எதை வாங்குவது என்று சொல்லுங்கள் ஐயா.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

24 செட்டுக்கு ஆர்டர் போடுவதைப் பத்து நாள் தள்ளி வையுங்கள். கடிதத்தில் வாட், கிலோமீட்டர், விலை, லைசென்ஸ் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மில்லின் இரைச்சலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வயர்லெஸ் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். மில்லில் இருந்து "செட் வேலை செய்யவில்லை" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் செட் நன்றாகத்தான் இருக்கும், சிக்னலும் முழுசாக இருக்கும். கூப்பிட்டது யார் காதிலும் விழுந்திருக்காது.

ரிங் ஃபிரேம்கள் முழு வேகத்தில் ஓடும் ஹாலில் 90 டெசிபலைத் தொடுவது சாதாரணம். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே காதோரம் குனிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கைக்குள் அடங்கும் ஒரு செட்டின் ஸ்பீக்கர் அரை வாட், மிஞ்சினால் ஒரு வாட் சத்தம் தரும். அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு ஃபிரேமுக்கு இடையில் குனிந்து வேலை செய்யும் ஃபிட்டருக்கு எப்படிக் கேட்கும்?

அதனால் முதலில் ஹெட்செட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள். காது முழுவதையும் மூடும் மஃப், வாய்க்கு முன்னால் வளைந்து வரும் மைக், இரண்டும் சேர்ந்தது வேண்டும். சிறிய இயர்பீஸ் ஜவுளிக் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போதும், ஸ்பின்னிங்கில் அது பயன்படாது. நல்ல ஹெட்செட் ஒன்று செட்டின் விலைக்கே வரலாம். முதலாளி புருவத்தை உயர்த்துவார். தொழிலாளியின் காதையும் அதுதான் காக்கிறது என்று சொல்லுங்கள். எட்டு மணி நேரம் 90 டெசிபலில் நிற்பவருக்குக் காதுறை கொடுக்க வேண்டியது எப்படியும் மில்லின் பொறுப்புதானே. ஹாலுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு மட்டும் இது போதும். கேட், குடோன், ஆபீஸில் உள்ளவர்களுக்கு வெறும் செட் போதும். அழைப்பு வரும்போது அதிரும் வசதி உள்ள மாடல் கிடைத்தால் ஃபிட்டர்களுக்கு அதைக் கொடுங்கள்.

டீலர் "டிஜிட்டல் எடுத்தால் இரைச்சலே இருக்காது" என்று சொல்லியிருப்பார். அது பாதிதான் உண்மை. டிஜிட்டலில் கரகரப்பு இருக்காது, ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சு தனித்தனியாகப் போக வழியும் உண்டு. ஆனால் அது குரலை எண்களாகச் சுருக்கி அனுப்பும் முறை, மனிதக் குரலுக்கென்றே செய்தது. குரலோடு இயந்திரச் சத்தமும் சேர்ந்து மைக்குக்குள் போனால் சில செட்களில் பேச்சு தண்ணீருக்குள் இருந்து வருவது போல குழறிவிடும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. சாதா அனலாக் செட்டில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும், எல்லைக்கு வந்துவிட்டோம் என்று காதே சொல்லிவிடும். டிஜிட்டலில் கடைசி அடி வரை சுத்தமாகக் கேட்டு, அடுத்த அடியில் ஒன்றுமே இருக்காது. உங்கள் மில்லுக்கு டிஜிட்டல் கூடாது என்று சொல்லவில்லை. ஓடும் ஹாலில் பேசிப் பார்க்காமல் எடுக்காதீர்கள் என்கிறேன்.

இனி தூரம். 15 ஏக்கரைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்கு 350 மீட்டர்தான். 10 கிலோமீட்டர் உங்களுக்கு எதற்கு? அட்டையில் போடும் அந்தக் கணக்கு, நடுவில் மரமோ சுவரோ இல்லாத வெட்டவெளிக் கணக்கு. ஆள் உயரத்தில் பிடித்த இரண்டு செட்டுக்கும் பூமியின் வளைவு மட்டுமே தடை என்றால் சுமார் 10 கிலோமீட்டர் வரும். பல்லடத்தில் அப்படி ஒரு வெளி எங்கே இருக்கிறது? வாட் விஷயமும் அப்படித்தான். அரை வாட்டை 5 வாட் ஆக்கினால் சக்தி பத்து மடங்கு, தூரமோ வெட்டவெளியிலேயே மூன்று மடங்குதான் கூடும். கட்டடத்துக்குள் அதுவும் வராது. பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

தூரத்தைவிட அலைவரிசை முக்கியம். வி.எச்.எஃப் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர், அது திறந்த காட்டுக்கும் தோட்டத்துக்கும் நல்லது. யு.எச்.எஃப் அலை முக்கால் மீட்டருக்கும் குறைவு, கதவு, ஜன்னல், இயந்திரங்களுக்கு இடையில் உள்ள சந்து வழியாக நுழைந்து வந்துவிடும். மில்லுக்கு யு.எச்.எஃப் எடுங்கள், இதில் இரண்டாம் யோசனை வேண்டாம்.

லைசென்ஸ் விஷயத்தில் உங்களிடம் பேசிய இருவர் சொன்னதும் பாதி சரி. நம் நாட்டில் வயர்லெஸ் செட் வைத்திருக்கவே அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1933இல் இருந்து இருக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு குறைந்த சக்தி கொண்ட சில கருவிகளுக்கு லைசென்ஸ் விலக்கு கொடுத்தது. அதில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையும் உண்டு. இந்தப் பட்டைக்கென்று செய்த செட்டில் சக்தி அரை வாட்தான், ஆன்டெனா கழற்ற முடியாதபடி செட்டோடு சேர்ந்தே இருக்கும். அந்த மாடல் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. என்ற வயர்லெஸ் பிரிவு தரும் இ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) பெற்றதாகவும் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட செட்டை நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆன்லைனில் பார்த்த 5 வாட் செட் இந்த வகை இல்லை. அதில் பேசும் அலைவரிசையை யார் வேண்டுமானாலும் மாற்றிவிட முடியும், அரசுத் துறைகளுக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் ஒதுக்கிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். "446இல் செட் பண்ணித் தருகிறோம், பிரச்சினை வராது" என்று சொல்பவரை நம்பாதீர்கள். சக்தியும் ஒப்புதலும் சரியாக இல்லாத செட் எந்தச் சானலில் பேசினாலும் விலக்குக்குள் வராது. செட்டுகளைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி விற்கும் ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அலைவரிசை விவரமும் ஒப்புதல் விவரமும் இல்லாமல் வாக்கி டாக்கியைப் பட்டியலிடக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. ஆகவே எந்த செட்டாக இருந்தாலும் இ.டி.ஏ. சான்றின் நகலை வாங்கி, அதில் உள்ள மாடல் எண்ணும் செட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

லைசென்ஸ் வழியும் இருக்கிறது. டபிள்யூ.பி.சி.யிடம் 'சரள் சஞ்சார்' இணையதளம் வழியாக விண்ணப்பித்தால் உங்களுக்கென்று ஒரு அலைவரிசை ஒதுக்குவார்கள். கூடுதல் சக்தியுள்ள செட், கூரை மேல் ஆன்டெனா, சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் எல்லாம் அனுமதிக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளலாம். கட்டணம் உண்டு, புதுப்பிக்க வேண்டும், காகித வேலையும் உண்டு. இரண்டு மூன்று யூனிட்டுகள் தள்ளித்தள்ளி இருக்கும் மில்லுக்கு அது தகும். ஒரே காம்பவுண்டில் இருக்கும் உங்களுக்கு 446 அரை வாட் செட்டே போதும் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் சொல்கிறேன், சோதனை முறையைக் கீழே சொல்கிறேன்.

446இல் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அதில் உள்ள 16 சானல்களும் ஊருக்கே பொது. பக்கத்து மில்லோ, எதிரில் உள்ள மண்டபமோ அதே சானலில் பேசலாம். செட்டில் "பிரைவசி கோட்" என்று இருப்பதைப் பார்த்து இரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த கோட் மற்றவர் பேச்சு உங்கள் செட்டில் ஒலிக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் பேசுவதை அவர்கள் கேட்கலாம். பஞ்சு விலை, பார்ட்டி பெயர், சம்பளப் பணம் வரும் நேரம் இவற்றை வாக்கி டாக்கியில் பேச வேண்டாம் என்று கேட்டில் இருப்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சிம் கார்டு போட்டு மொபைல் டவர் வழியாகப் பேசும் செட்டையும் டீலர் காட்டுவார். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் உங்கள் லாரி டிரைவரோடு பேச அது நல்லது. மில்லுக்குள் அதை நம்பாதீர்கள். தகர ஷீட்டுக்குக் கீழே டவர் சிக்னல் தடுமாறும், பட்டனை அழுத்தியதற்கும் குரல் போய்ச் சேர்வதற்கும் இடைவெளி விழும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மொபைல் வேலை செய்யாமல் ஜனங்கள் தவித்தது நினைவிருக்கும். தீப்பிடித்த நேரத்தில் கைகொடுக்க வேண்டிய கருவி, டவர் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 24 செட் உங்களுக்கு அதிகம். ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆள் கூடக்கூட முக்கியமான அழைப்பு வரிசையில் நிற்கும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம் முதல் பேக்கிங் வரை சூப்பர்வைசர்கள், ஃபிட்டர்கள், எலக்ட்ரீஷியன், எச்-பிளான்ட் (ஹாலின் ஈரப்பதத்தைக் காக்கும் பிளான்ட்) ஆபரேட்டர், கேட், குடோன் எல்லாரையும் சேர்த்தாலும் ஒரு ஷிப்டுக்கு 14 போதும். புரொடக்ஷன் ஒரு சானல், மெயின்டனன்ஸும் எலக்ட்ரிக்கலும் ஒரு சானல், கேட்டும் குடோனும் ஒரு சானல். நான்காவது ஒன்றைத் தீ, விபத்துக்கு என்று காலியாக வையுங்கள், அதில் யாரும் டீ வந்ததா என்று கேட்கக் கூடாது. மீதிப் பணத்தில் ஹெட்செட்டும் ஸ்பேர் பேட்டரியும் வாங்கலாம்.

பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று அட்டையில் போடும்போது, நூற்றில் 5 பங்கு பேச்சு, 5 பங்கு கேட்பது, 90 பங்கு சும்மா இருப்பது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். மெஷின் பிரேக்டவுன் உள்ள நாளில் உங்கள் ஃபிட்டர் அந்தக் கணக்குக்குள் அடங்கமாட்டார். மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் கழற்றி மாட்டும் பேட்டரி உள்ள செட்டையே எடுங்கள். 14 செட்டுக்கு 20 பேட்டரி, ஆறு பேட்டரி ஒன்றாகச் சார்ஜ் ஏறும் சார்ஜர் இரண்டு, இது போதும். சார்ஜரை டிபார்ட்மென்டுக்குள் வைக்கவே கூடாது. பஞ்சு பறந்து சார்ஜர் குழிக்குள் படியும், சூடாகும் இடத்தில் பஞ்சு சேர்ந்தால் என்ன ஆகும் என்று மில்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டைம் ஆபீஸில் ஒரு சுத்தமான மேஜை ஒதுக்குங்கள். பேட்டரி மாற்றுவதும் அங்கேதான்.

அதே பஞ்சு செட்டின் ஸ்பீக்கர் துளைகளிலும் மெல்லிய கம்பளி போல ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதத்தில் குரல் அமுங்கிப்போகும், ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு அனுப்புவார்கள். காய்ந்த பெயின்ட் பிரஷ் ஒன்றால் வாரம் ஒருமுறை தட்டிவிட்டால் சரியாகிவிடும். தூசி புகாத தரத்துக்கு ஐ.பி. எண்ணைப் பாருங்கள். 54இல் முதல் எண்ணான 5, கொஞ்சம் தூசி போகலாம் என்று அர்த்தம். 67 என்றால் தூசி அறவே போகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் விழுந்தாலும் தாங்கும். ப்ளோ ரூமுக்கும் எச்-பிளான்ட்டுக்கும் 67 உள்ளதைக் கொடுங்கள்.

இனி, நான் மிகவும் அக்கறைப்படும் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு மில்லில் லைசென்ஸ் செட் பொருத்திக் கொடுத்தேன். மூன்றாவது வாரம், எலக்ட்ரீஷியன் ஒரு பேனலைத் திறந்து கை வைத்திருக்கிறார். சப்ஸ்டேஷனில் இருப்பவரைக் கூப்பிட்டு "லைன் போடாதீங்க" என்றார். "போடா" என்று வாய் சொல்லும்போதே விரல் பட்டனை விட்டுவிட்டது. அந்தப் பக்கத்தில் கேட்டது "லைன் போடா". இரைச்சலில் அது "லைன் போடுடா" என்றே காதில் விழுந்திருக்கிறது. சப்ஸ்டேஷன்காரர் சுவிட்சுக்குக் கை நீட்டிவிட்டு, 'இந்த அண்ணன் நம்மை ஒருநாளும் டா போட்டுக் கூப்பிட்டதில்லையே' என்று யோசித்து நேரில் நடந்து வந்து கேட்டார். அன்று ஒரு உயிர் அந்த மரியாதையால் பிழைத்தது.

நம் மொழியில் கூடாது, இல்லை என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. விரல் அவசரப்பட்டால் வெட்டுப்படுவது அதுதான். அதனால் நான் பயிற்சி கொடுக்கும் இடங்களில் மறுப்பை முதலில் சொல்லச் சொல்வேன்: "வேண்டாம், வேண்டாம். லைன் வேண்டாம்." பட்டனை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேச வேண்டும், பேசி முடித்து ஒரு விநாடி கழித்துத்தான் விட வேண்டும். கேட்டவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். கத்தவும் கூடாது, கத்தினால் குரல் செட்டுக்குள் நசுங்கிப்போகும். மைக்கை வாயின் ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி வைத்துச் சாதாரணக் குரலில் பேசினால் போதும். எண்களிலும் கவனம் வேண்டும். பதினாறும் பதினேழும் அந்தச் சத்தத்தில் ஒன்றுபோலக் கேட்கும். 16ஆம் நம்பர் ஃபிரேமை "ஒண்ணு, ஆறு" என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். ஒடிசா, பீகார் தொழிலாளர்களும் உங்களிடம் இருப்பார்கள். நிறுத்து, தீ, ஆள் அடிபட்டார், ஃபிட்டர் வேண்டும் என்று ஒரு பத்து வார்த்தைகளை எல்லாருக்கும் புரியும்படி முடிவு செய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் மின் வேலைக்கு வாக்கி டாக்கி சாட்சி ஆகாது. சுவிட்சில் அவரவர் பூட்டு, சாவி அவரவர் பையில். லைன் போடச் சொல்வதும் எடுக்கச் சொல்வதும் நேரில்தான் என்று எழுத்தில் போடுங்கள்.

சோதனைக்கு டீலரிடம் இரண்டு 446 செட்டும் ஒரு ஹெட்செட்டும் மூன்று நாளைக்குக் கேளுங்கள். உண்மையான டீலர் தருவார், தரமாட்டேன் என்றால் வேறு டீலரைப் பாருங்கள். வார விடுமுறையில் மில் நிற்கும்போது சோதிக்காதீர்கள், எல்லா ஃபிரேமும் ஓடும் ஷிப்டில் சோதியுங்கள். ஒருவர் மெயின்டனன்ஸ் ரூமில் உட்காரட்டும். நீங்கள் காம்பவுண்டின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடங்கள். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று ஒரு ஃபிரேம் நம்பரைச் சொல்லுங்கள். எதிரில் உள்ளவர் கேட்ட நம்பரை எழுதிக்கொள்ளட்டும். "கேட்குதா" என்று மட்டும் கேட்டால் எல்லாரும் கேட்குது என்றுதான் சொல்வார்கள். எச்-பிளான்ட்டின் காற்றுக் கால்வாய், ஈ.பி. ரூம் (மின்சார அறை), கூரை வரை பேல் அடுக்கிய குடோன், ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அதன் பக்கம், இந்த நான்கு இடத்துக்கும் கட்டாயம் போங்கள். பிறகு இருவரும் இடம் மாறி மறுபடி நடங்கள்.

எழுதிய நம்பரும் சொன்ன நம்பரும் ஒத்துப்போகாத இடங்களை வரைபடத்தில் சிவப்பு மையால் குறியுங்கள். இரண்டு மூன்று இடம்தான் என்றால் 446 செட்டே எடுத்துவிடலாம், அங்கே வேலைக்குப் போகிறவர் வாசலுக்கு வந்து பேசட்டும். ஆறு ஏழு இடம் சிவப்பானால், அதிலும் எச்-பிளான்ட்டும் ஈ.பி. ரூமும் அதில் இருந்தால், லைசென்ஸ் வாங்கி ரிப்பீட்டர் வைப்பதுதான் சரி. அப்போது அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பிவையுங்கள், ஆன்டெனாவை எந்தக் கூரையில் வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.